ஒரே வீட்டில் நான்கு பேருக்கு இருதய நோய்: நான்கும் ஒன்றா?

தமிழக எல்லையை ஒட்டிய பாலக்காட்டுக் கொழிஞ்சாம்பாறையிலிருந்து கேட்டிருக்கிறீர்கள். உங்கள் தந்தைக்கு 54 வயதில் மாரடைப்பு வந்து கோயம்புத்தூரில் ஸ்டென்ட் (அடைத்த குழாயைத் திறந்து வைக்கும் சிறு வலைக்குழல்) வைத்திருக்கிறார்கள். சித்திக்கு வால்வு மாற்றியாயிற்று. அக்காளின் கைக்குழந்தைக்கு இருதயத்தில் ஓட்டை என்கிறார்கள். தாத்தாவுக்குக் கால் விரல்கள் கறுத்து, கடைசியில் முழங்காலுக்குக் கீழே எடுக்க வேண்டி வந்தது. இப்போது வேலைக்குச் சேருவதற்கான பரிசோதனையில் உங்கள் ஈசிஜியிலும் ‘வலது பக்க ப்ளாக்’ என்று எழுதிவிட்டார்கள். இது குடும்பத்தோடு வருகிற நோயா, எனக்கும் ஸ்டென்ட் வைக்க வேண்டுமா என்பது உங்கள் கேள்வி.

கடைசிக் கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். ஈசிஜியில் எழுதிய அந்த ப்ளாக்குக்காக யாருக்கும் ஸ்டென்ட் வைப்பதில்லை. உங்கள் தந்தைக்குச் சொன்ன ப்ளாக் இரத்தக்குழாயின் அடைப்பு. உங்களுக்கு எழுதியது மின்பாதையில் ஏற்படும் தாமதம். இருதயம் தானாகவே சிறு மின்துடிப்பை உண்டாக்கி, அதை இரண்டு கிளைகள் வழியாக இடது, வலது கீழறைகளுக்கு அனுப்புகிறது. வலது கிளையில் அந்தத் துடிப்பு சற்றுத் தாமதித்துப் போனால் ஈசிஜி இயந்திரம் அதை ப்ளாக் என்று அச்சடித்துவிடும். வேறு தொந்தரவு எதுவும் இல்லாத இளைஞர்கள் பலருக்கு இது பிறவியிலிருந்தே இருக்கும். ஒரு முறை எக்கோ என்னும் ஒலியலை ஸ்கேன் எடுத்து இருதயத்தின் அமைப்பு சரியாக இருக்கிறது என்று பார்த்துக்கொண்டால் போதுமானது. மயக்கம் வந்து விழுதல், காரணமில்லாத படபடப்பு ஆகியவை இருந்தால் மட்டும் கதை வேறு. ஒரே சொல்லை இரண்டு வேறு சங்கதிகளுக்குப் பயன்படுத்தும் வழக்கம் எத்தனை பேரின் தூக்கத்தைக் கெடுத்திருக்கிறது என்பதை, இந்த எல்லை ஊர்களில் முப்பது ஆண்டுகள் வைத்தியம் பார்த்தவன் என்ற முறையில் நான் நன்றாக அறிவேன். போதாக்குறைக்கு, நம்மவர்கள் இரத்தக்குழாயையும் நரம்பு என்கிறார்கள், மூளையிலிருந்து வரும் நரம்பையும் நரம்பு என்கிறார்கள். பக்கத்து வீட்டு மலையாளிகளும் இரண்டுக்கும் ‘ஞரம்பு’ என்றே சொல்கிறார்கள்.

ஆகவே ஒருவருக்கு இருதய நோய் என்று கேள்விப்பட்டால், இருதயத்தில் எது கெட்டிருக்கிறது என்று கேட்க வேண்டும். அதற்கு உணவு கொண்டுவரும் குழாயா, உள்ளே இருக்கும் கதவா, சுவரா, தசையா, மின்பாதையா என்பதைப் பொறுத்துக் காரணமும் மாறும், வைத்தியமும் மாறும், பிள்ளைகளுக்கு வருமா என்பதும் மாறும். உங்கள் வீட்டில் நால்வருக்கு வந்தவை நான்கு வேறு நோய்கள்; தாத்தாவுக்கு வந்தது இருதயத்திலேயே அன்று, காலின் இரத்தக்குழாயில்.

உங்கள் தந்தைக்கு வந்ததுதான் உலகத்தில் மிகப் பெரும்பாலோருக்கு வருவது. உலகச் சுகாதார நிறுவனத்தின் கணக்குப்படி 2019இல் இருதய, இரத்தக்குழாய் நோய்களால் ஏறக்குறைய 1 கோடியே 79 லட்சம் பேர் இறந்தார்கள். அவர்களில் நூற்றுக்கு 85 பேர் மாரடைப்பாலும் பக்கவாதத்தாலும் இறந்தவர்கள். இந்த இரண்டுக்கும் பெரும்பாலும் அடிப்படை ஒன்றே: தமனியின், அதாவது இருதயத்திலிருந்து இரத்தத்தை வெளியே கொண்டுபோகும் குழாயின், சுவருக்குள் கொழுப்பு சேர்வது. வாய்க்காலில் வண்டல் படிவதைப் போல என்று இதை எல்லோரும் விளக்குவார்கள். அந்த உவமை பாதிதான் சரி. உங்கள் பக்கத்துச் சித்தூர்ப் புழை என்னும் ஆற்றின் வாய்க்காலில் வண்டல் நீரோடும் தளத்தின் மேல் படிகிறது. இங்கோ கொழுப்பு, குழாயின் மெல்லிய உட்தோலைத் தாண்டிச் சுவருக்குள்ளே போய்த் தங்குகிறது. பிரஷர், சுகர், புகை ஆகியவற்றால் அந்த உட்தோல் ஏற்கெனவே புண்பட்டிருந்தால் எல்டிஎல் என்னும் கெட்ட கொழுப்பு எளிதாக நுழைகிறது. அதைத் தின்று தீர்க்க வரும் வெள்ளணுக்கள் கொழுப்பைத் தின்று வீங்கி அங்கேயே மடிகின்றன. இப்படிப் பல ஆண்டுகளில் சுவருக்குள் ஒரு கட்டி போன்ற மேடு உருவாகி, அதன் மேல் ஒரு மூடி படர்கிறது.

இந்த மேடு மெதுவாகப் பெருத்துக் குழாயைக் குறுக்கினால், மாடி ஏறும்போதும் சுமை தூக்கும்போதும் நெஞ்சில் இறுக்கம் தெரியும், நின்றால் அடங்கிவிடும். மாரடைப்பு வேறு மாதிரி வருகிறது. மூடி மெல்லியதாக இருந்து ஒரு நாள் கிழிந்தால், உள்ளிருக்கும் சரக்கு இரத்தத்தைத் தொட்ட மாத்திரத்தில் அங்கே இரத்தம் உறைந்து, சில நிமிடங்களில் குழாயை முழுதாக அடைத்துவிடுகிறது. இப்படிக் கிழிகிற மேடுகளில் பெரும்பாலானவை அதற்கு முந்தின நாள் வரை குழாயைப் பாதிகூடக் குறுக்காதவை. ‘இரண்டு மாதத்துக்கு முன்புதான் டிரெட்மில் எடுத்தோம், நார்மல் என்றார்கள், எப்படி வந்தது’ என்று உங்கள் தந்தையின் விஷயத்தில் நீங்கள் கேட்டிருக்கிறீர்கள். இதுதான் விடை. டிரெட்மில் பரிசோதனை குறுகிய குழாயைக் காட்டும். கிழியப் போகிற மூடியைக் காட்டாது. அதே காரணத்தால், ஸ்டென்ட் வைத்துவிட்டோம், இனிக் கவலையில்லை என்பதும் பொருந்தாது. ஸ்டென்ட் ஒரு குழாயில் ஓரிடத்தைத் திறந்து வைக்கிறது. மற்ற இடங்களில் சேர்ந்திருக்கும் கொழுப்பை அது ஒன்றும் செய்வதில்லை. அதனால்தான் கொழுப்பைக் குறைக்கும் மாத்திரையை, ரிப்போர்ட்டில் கொழுப்பு நார்மலாக வந்த பிறகும், ஆயுள் முழுக்கச் சாப்பிடச் சொல்கிறோம். மாரடைப்பு வந்தவருக்கு எல்டிஎல் 70க்குக் கீழே, முடிந்தால் 55க்குக் கீழே இருக்க வேண்டும். ஆய்வுக்கூடத் தாளில் 100 வரை நார்மல் என்று அச்சாகியிருப்பது நோயே வராதவருக்கான அளவு. அதைப் பார்த்து மாத்திரையை நிறுத்தியவர்களை நான் எண்ணி மாளாது.

காரணங்களைப் பொறுத்தவரை, 52 நாடுகளில் நடந்து 2004இல் வெளியான இன்டர்ஹார்ட் ஆய்வைச் சொல்ல வேண்டும். அதை நடத்திய சலீம் யூசுஃப், கொட்டாரக்கரையில் பிறந்தவர். கொழுப்பு, புகை, பிரஷர், சுகர், தொப்பை, மன அழுத்தம், காய் பழம் குறைவாக உண்பது, உடலுழைப்பின்மை, மது தொடர்பான பழக்கம் ஆகிய ஒன்பதைக் கொண்டே முதல் மாரடைப்பின் அபாயத்தில் ஏறக்குறைய பத்தில் ஒன்பது பங்கை விளக்கிவிடலாம் என்று அந்த ஆய்வு காட்டியது. நம்மைப் போன்ற தெற்காசியர்களுக்கு முதல் மாரடைப்பு சராசரியாக 53 வயதில் வருகிறது, மற்ற நாட்டவருக்கு 59ஐ ஒட்டி வருகிறது என்பதும் அதே ஆய்வின் தரவுகளிலிருந்து தெரிந்தது. உங்கள் தந்தைக்கு 54இல் வந்தது துரதிர்ஷ்டந்தான். ஆனால் நம் மண்ணில் அது அபூர்வமன்று.

ஒன்பதில் தொப்பையை நம்மவர்கள் நோயாகவே கருதுவதில்லை. கை கால் ஒல்லியாகவும் வயிறு மட்டும் முன்தள்ளியும் இருக்கும் உடம்புதான் நமக்கு அபாயமானது. ஆணுக்கு இடுப்புச் சுற்றளவு 90 சென்டிமீட்டரையும் பெண்ணுக்கு 80ஐயும் தாண்டக்கூடாது. எண்ணெயைப் பற்றியும் கேட்டிருந்தீர்கள். உங்கள் ஊரில் ஒரு வீட்டில் தேங்காய் எண்ணெயும் அடுத்த வீட்டில் கடலை எண்ணெயும் தாளிக்கிறார்கள். இரண்டு கட்சிக்காரர்களும் என்னிடம் வழக்குக்கு வந்திருக்கிறார்கள். தேங்காய் எண்ணெயில் ஏறக்குறைய பத்தில் ஒன்பது பங்கு நிறைவுற்ற கொழுப்பு. கடலை எண்ணெயில் அது ஐந்தில் ஒரு பங்குதான். கடலை எண்ணெய் போன்றவற்றோடு ஒப்பிட்டால் தேங்காய் எண்ணெய் எல்டிஎல்லைக் கூட்டுகிறது என்பதில் எனக்கு ஐயமில்லை. ஆனால், அவியலின் மேல் ஊற்றும் ஒரு கரண்டியை விட்டுவிட்டு, சாயங்காலம் பேக்கரியில் பப்ஸும் பழம்பொரியும் இரண்டு டீயும் சாப்பிடுகிறவர் எண்ணெயைப் பற்றி வாதாடுவதில் பொருளில்லை. உப்பும் அப்படியே: நாளுக்கு 5 கிராம், அதாவது ஒரு தேக்கரண்டி அளவுக்குள் இருக்க வேண்டியது, கருவாடும் ஊறுகாயும் அப்பளமும் சேர்ந்தால் மதியச் சாப்பாட்டோடு முடிந்துவிடும்.

இருதயத்தின் குழாயில் நடந்த அதே காரியம் கழுத்திலோ மூளையிலோ நடந்தால் பக்கவாதம். பக்கவாதங்களில் பெரும்பான்மை இப்படி அடைப்பால் வருபவை. மீதம், பிரஷர் ஏறி மூளையின் சிறு குழாய் வெடித்து வருபவை. இரண்டையும் ஸ்கேன் எடுக்காமல் பிரித்தறிய முடியாது. அடைப்பைக் கரைக்கும் ஊசிக்கு நாலரை மணி நேரம்தான் கெடு. பெருந்தமனியின் சுவர் பலூன்போல் வீங்குவதும், சுவரின் அடுக்குகள் கிழிந்து முதுகைப் பிளப்பது போன்ற வலி வருவதும் தனி நோய்கள்; அவற்றுக்கும் கட்டுப்படாத பிரஷர் ஒரு முக்கியக் காரணம்.

காலுக்கு வருகிறேன். தாத்தாவுக்கு 40 வயதுக்குள்ளேயே விரல் கறுத்தது என்றும், சுகர் இல்லை என்றும், நாளொன்றுக்கு இரண்டு கட்டு பீடி குடிப்பார் என்றும் எழுதியிருக்கிறீர்கள். அப்படியானால் அது பர்ஜர் நோயாகவே இருந்திருக்க வேண்டும். பெரும்பாலும் இளவயது ஆண்களுக்கு, புகையிலையால் மட்டுமே வருகிற நோய் அது. கொழுப்பால் வரும் அடைப்பைப் போலன்றி, கை கால்களின் சிறு, நடுத்தரக் குழாய்கள் வீங்கி உறைகட்டி மூடிக்கொள்ளும். நடந்தால் பாதமோ கெண்டைக்காலோ கடுக்கும், பிறகு படுத்திருக்கும்போதே வலிக்கும், பிறகு புண் ஆறாது. பீடியை அடியோடு விட்டவருக்குப் பெரும்பாலும் கால் தப்புகிறது. குறைத்துக்கொண்டவருக்குத் தப்புவதில்லை. தோட்ட வேலைக்குப் போகிற ஆண்கள் மாலையில் காலில் கட்டோடு வந்து உட்கார்ந்துகொண்டு, பீடியை விட்டுவிட்டேன் என்று சொல்லும்போதே சட்டைப் பையில் தீப்பெட்டி தெரியும். இது தாத்தாவோடு போயிற்று. உங்களுக்கு வழிவழியாக வருவதில்லை, நீங்கள் புகைக்காத வரை. சுகர் உள்ளவர்களுக்கும் முதியவர்களுக்கும் வருகிற கால் அடைப்பு, தந்தைக்கு வந்த கொழுப்பு நோயின் உறவு. நாள் முழுக்க நின்று வேலை செய்பவர்களுக்குக் காலில் நீலமாகச் சுருண்டு தெரிவது சிரையின், அதாவது இரத்தத்தை இருதயத்துக்குத் திருப்பிக் கொண்டுவரும் குழாயின், வீக்கம். அது தமனி நோயே அன்று. ஆனால் ஒரு கால் மட்டும் திடீரென்று வீங்கி வலித்தால் ஆழத்துச் சிரையில் இரத்தம் உறைந்திருக்கலாம்; அந்த உறைகட்டி நுரையீரலுக்குப் போய் அடைத்தால் உயிருக்கே ஆபத்து என்பதால் அன்றே காட்ட வேண்டும்.

சித்தியின் நோய்க்குக் காரணம் அவருடைய பள்ளிப் பருவத்தில் இருக்கிறது. 5 முதல் 15 வயதுக்குள் ஸ்ட்ரெப்டோகாக்கஸ் என்னும் கிருமியால் தொண்டைப்புண் வருகிறது. அது ஆறிப் போன இரண்டு மூன்று வாரத்தில், கிருமியை எதிர்க்க உடல் உண்டாக்கிய எதிர்ப்புச் சக்தி ஆள்மாறாட்டம் செய்து மூட்டுகளையும் இருதய வால்வுகளையும் தாக்குகிறது. மூட்டு வீங்கி, ஒன்றிலிருந்து இன்னொன்றுக்குத் தாவி, தானே சரியாகிவிடும். வீட்டார் மறந்துவிடுவார்கள். வால்வு மட்டும் மறப்பதில்லை. அது ஆண்டுக்கணக்கில் தடித்து, ஒட்டிக்கொண்டு, கதவு சரியாகத் திறக்காமல் போகிறது. பெண்களுக்கு முதல் பிள்ளைப்பேற்றின்போது, இரத்த ஓட்டம் கூடுகிற ஆறேழாம் மாதத்தில், மூச்சிரைப்பாக வெளிப்படுவது வழக்கம். நெருக்கமாகப் பலர் படுத்துறங்கும் சிறு வீடுகளில் இந்தத் தொண்டைக் கிருமி எளிதாகப் பரவுவதால் இது ஏழைகளின் நோயாகவே இருந்து வந்திருக்கிறது. சிறு வயதிலேயே கண்டுபிடித்தால் மூன்று வாரத்துக்கொரு பென்சிலின் ஊசி வால்வு மேலும் கெடாமல் காக்கும். அந்த ஊசியை வலிக்கிறது என்று நிறுத்தியவர்கள்தாம் பிற்பாடு அறுவைக்கு வந்தவர்களில் பலர்.

சித்திக்கு வைத்திருப்பது சித்ரா வால்வு என்று எழுதியிருக்கிறீர்கள். திருவனந்தபுரத்து ஸ்ரீ சித்திரைத் திருநாள் நிலையத்தில் மருத்துவர் எம். எஸ். வலியத்தான் தலைமையில் உருவாக்கி, 1990 டிசம்பரில் முதன்முதலாக ஒரு நோயாளிக்குப் பொருத்திய வால்வு அது. வெளிநாட்டு வால்வை வாங்க வழியில்லாத நம் நோயாளிகளை மனத்தில் வைத்துச் செய்தது. சாய்ந்து திறக்கும் ஒரு வட்டத் தகடுதான் அதன் கதவு. உலோகச் சட்டமுள்ள வால்வு என்பதால் அதன் மேல் இரத்தம் உறையாமலிருக்கச் சித்தி மாத்திரை சாப்பிட்டாக வேண்டும், இரத்தம் உறைய எவ்வளவு நேரமாகிறது என்று பார்க்கும் ஐஎன்ஆர் பரிசோதனையை விடக்கூடாது. கீரை சாப்பிடலாமா என்று கேட்டிருக்கிறார். சாப்பிடலாம், ஒரு வாரம் தினமும் என்றும் மறுவாரம் அறவே இல்லை என்றும் மாற்றாமல் ஒரே அளவாகச் சாப்பிடட்டும். பல் பிடுங்குவதற்கு முன்னால் பல் மருத்துவரிடம் வால்வைப் பற்றிச் சொல்லியாக வேண்டும்.

அக்காள் குழந்தைக்கு இருப்பது பிறவிக் கோளாறு. ஆயிரம் குழந்தைகளில் ஏறக்குறைய எட்டுக் குழந்தைகள் ஏதாவது ஒரு இருதயக் குறையோடு பிறக்கின்றன. இரு கீழறைகளுக்கு நடுவே ஓட்டை இருப்பதே அவற்றில் அதிகம். சிறிய ஓட்டைகள் பல, குழந்தை வளர வளரத் தானே மூடிக்கொள்ளும். பால் குடிக்கும்போது வியர்த்து, பாதியில் களைத்து, எடை ஏறாமல் இருந்தால் ஓட்டை பெரிது என்று பொருள். அழும்போது உதடு நீலமானால் அது வேறு வகை, காத்திருக்கக்கூடாது. அக்காள் சொந்த மாமனை மணந்தவர் என்பதால் ஊரார் பேசுவதாகச் சொன்னீர்கள். நெருங்கிய சொந்தத்தில் மணம் செய்தால் இத்தகைய பிறவிக் குறைகளுக்கான வாய்ப்பு ஓரளவு கூடுவது உண்மை. சொந்தமே இல்லாத பெற்றோரின் குழந்தைகளுக்கும் இது வருகிறது என்பதும் உண்மை. பெரும்பாலான குழந்தைகளுக்கு ஒற்றைக் காரணம் என்று எதையும் சுட்ட முடியாது. அக்காளைக் குற்றம் சொல்வதை வீட்டார் நிறுத்தட்டும். கேரளத்தில் 2017 முதல் ‘ஹிருத்யம்’ என்ற திட்டத்தில் குழந்தைகளின் இருதயக் குறைகளுக்கு இலவச சிகிச்சை கிடைக்கிறது. உங்கள் ஆரம்ப சுகாதார நிலையத்தில் பதிவு செய்யச் சொல்லுங்கள்.

உங்கள் வீட்டில் இல்லாத ஒன்று இருதயத் தசை நோய். தசை தளர்ந்து இருதயம் பெருத்துப் போவதும், தசை அளவுக்கு மீறித் தடிப்பதும், விறைத்துப் போவதும் அதன் வகைகள். விறைக்கும் வகையில், உட்சுவரில் தழும்பு படரும் ஒரு நோய் ஒரு காலத்தில் கேரளத்தில் மிகுதியாக இருந்தது. வறுமையும் ஊட்டக்குறைவும் குறையக் குறைய அதுவும் அருகிவிட்டது. தசை தளர்வதற்குச் சித்தூர்ப் பகுதியில் நான் கண்ட காரணங்களில் குடி முக்கியமானது. கள் இயற்கையானது, அதனால் தீங்கில்லை என்பார்கள். நாள்தோறும் ஆண்டுக்கணக்கில் குடித்தால் தசைக்குக் கள்ளிலிருந்து வந்த சாராயமும் ஒன்றே, சீமைச் சாராயமும் ஒன்றே. அதே குடி, மேலறைகள் தாறுமாறாகத் துடிக்கும் கோளாறையும் உண்டாக்கும். அங்கே தேங்கும் இரத்தம் உறைந்து மூளைக்குப் போய்ப் பக்கவாதம் வரக்கூடும்.

ஆக, குடும்பத்தோடு உங்களுக்கு வரக்கூடியது தந்தையின் நோய் ஒன்றுதான். தந்தைக்கோ உடன்பிறந்த ஆணுக்கோ 55 வயதுக்கு முன்னும், தாய்க்கோ சகோதரிக்கோ 65க்கு முன்னும் மாரடைப்பு வந்திருந்தால் அதை நாங்கள் கணக்கில் எடுத்துக்கொள்கிறோம். உங்களுக்கும் தம்பிக்கும் இப்போதே கொழுப்பு, சுகர், பிரஷர் பாருங்கள். இரத்தத்திலுள்ள ஒரு வகைக் கொழுப்புத் துகளை அளக்கும் லிப்போபுரோட்டீன் ஏ என்னும் பரிசோதனையை ஆயுளில் ஒரு முறை செய்தால் போதும். அது பெரும்பாலும் பிறப்போடு வருவது, உணவால் மாறாது, கூடுதலாக இருந்தால் மற்றவற்றை இன்னும் இறுக்கிப் பிடிக்க வேண்டும். எல்டிஎல் 190க்கு மேல் இருந்தால், அல்லது குதிகாலுக்கு மேலுள்ள தசைநாண் தடித்திருந்தால், பரம்பரைக் கொழுப்பு நோயா என்று பார்க்க வேண்டும். அதற்கு உணவுக் கட்டுப்பாடு மட்டும் போதாது.

இனி ஒருவேளை வீட்டில் யாருக்காவது நெஞ்சின் நடுவே அழுத்தம், இடது தோளுக்கோ தாடைக்கோ பரவும் வலி, குளிர்ந்த வியர்வை வந்தால், கேஸ் என்று இஞ்சிச்சாறும் சோடாவும் கொடுத்து விடியும்வரை காத்திருக்காதீர்கள். உங்கள் தந்தைக்கு அப்படித்தான் ஐந்து மணி நேரம் போயிற்று என்று எழுதியிருக்கிறீர்கள். சுகர் உள்ளவர்களுக்கும் பெண்களுக்கும் வலியே இல்லாமல் மூச்சுத்திணறலும் அசதியுமாக மட்டும் வரக்கூடும். 108ஐக் கூப்பிடுங்கள், இரண்டு மாநிலத்திலும் அதே எண்தான். காப்பீட்டு அட்டை கேரளத்தது, ஆஸ்பத்திரி தமிழ்நாட்டில் என்ற கணக்கை அந்த நேரத்தில் போடாமல், ஆஞ்சியோ (அடைத்த குழாயைப் படமெடுத்துத் திறக்கும்) வசதியுள்ள இடத்தில் எது கிட்டத்தில் இருக்கிறதோ அங்கே போங்கள். எல்லையிலுள்ள வேலந்தாவளம் தாண்டினால் தமிழகத்து ஆரம்ப சுகாதார நிலையங்களில் 2023 முதல் ‘இதயம் காப்போம்’ திட்டத்தில் முதல் தவணை மாத்திரைகளை அங்கேயே கொடுத்து அனுப்புகிறார்கள்.

உங்கள் ஈசிஜி தாளைப் பயந்துபோய்க் கிழித்துவிட வேண்டாம். கைப்பேசியில் படமெடுத்து வீட்டாருக்கும் அனுப்பி வையுங்கள். பின்னாளில் எந்த அவசரப் பிரிவில் நீங்கள் படுத்தாலும், இந்த ப்ளாக் புதியதா பழையதா என்றுதான் அங்கிருக்கும் மருத்துவர் முதலில் கேட்பார். அதற்கு இந்தத் தாள்தான் பதில்.